உப்புக் காத்துல பழைய கார்: பெயிண்ட் உரிஞ்சா பயப்படணுமா? எந்தத் துருவோடு வாழலாம், எதை உடனே கவனிக்கணும்?

ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் குடியிருப்பவர்களுக்கு இது பழகிப்போன விஷயம். ராத்திரி தெருவில் நிறுத்திய காரின் பானெட்டைக் காலையில் விரலால் தேய்த்தால் பிசுபிசுக்கும். விரலைத் திருப்பிப் பார்த்தால் கறுப்பாக இருக்கும். ஜன்னல் கம்பி, கேட்டு, ஏ.சி. அவுட்டோர் யூனிட், மாடிப்படிக் கைப்பிடி என்று இரும்பு இருக்கும் எல்லா இடத்திலும் இந்தக் காற்று வேலையைக் காட்டும். கார் மட்டும் தப்புமா?

ஆனால் கார் விஷயத்தில் ஒரு குழப்பம் உண்டு. எண்ணூர் ஹை ரோட்டில் முன்னால் போகும் டிரெய்லர் டயரிலிருந்து ஒரு ஜல்லி தெறித்து, பானெட்டில் மிளகு அளவுக்குப் பெயிண்ட் பெயர்கிறது. மழை முடிந்து பார்த்தால் அதே இடத்தில் ஒரு ஆரஞ்சுப் புள்ளி. அதைப் பார்த்து ஒருத்தர் "ஃபுல் பாடி பெயிண்ட் அடிச்சிடுங்க" என்பார். இன்னொருத்தர் "பழைய வண்டிதானே, விடுங்க" என்பார். ரெண்டு பேர் பேச்சையும் அப்படியே கேட்டால் நஷ்டம் நமக்குத்தான். அந்தப் புள்ளிக்காகப் பல ஆயிரம் செலவு செய்யத் தேவையில்லை. அதே சமயம், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் அரித்துக்கொண்டிருக்கும் துருவை விட்டுவைத்தால் உயிருக்கே ஆபத்து. எது எந்த ரகம் என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் போதும்.

வட சென்னையில் மட்டும் ஏன் இவ்வளவு துரு?

முதல் காரணம் எல்லோருக்கும் தெரிந்த கடல். ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. அலை உடையும்போது பறக்கும் நுண்துளிகள் காற்றோடு கரைக்கு வருகின்றன. கரையிலிருந்து உள்ளே போகப் போக இந்த உப்பின் அளவு வேகமாகக் குறையும். முதல் சில நூறு மீட்டர்தான் மோசம். வட சென்னையில் பல தெருக்கள் அந்தச் சில நூறு மீட்டருக்குள்தான் இருக்கின்றன.

இங்கே இன்னொரு கதையும் உண்டு. 19-ம் நூற்றாண்டின் கடைசியில் சென்னைத் துறைமுகத்துக்கு அலைதடுப்புச் சுவர் கட்டியபோது, கரையோரமாக வடக்கு நோக்கி நகரும் மணல் தடைப்பட்டது. தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகலமானது. வடக்கே ராயபுரம் தொடங்கி எண்ணூர் வரை கடல் கரையைத் தின்ன ஆரம்பித்தது. அதைத் தடுக்கத்தான் கரை நெடுகப் பாறாங்கற்களைக் கொட்டி வைத்திருக்கிறார்கள். மணல் கடற்கரையில் அலை மெல்ல ஏறி இறங்கும். பாறையில் மோதினால் சிதறும். மெரினா பக்கம் கடலுக்கும் ரோட்டுக்கும் நடுவே அகலமான மணல்வெளி இருக்கிறது. இங்கே பல இடங்களில் பாறை முடிந்ததும் ரோடுதான்.

இரண்டாவது காரணம் புகை. எண்ணூர் அனல்மின் நிலையம் 1970-ல் தொடங்கி 2017-ல் மூடப்பட்டது. ஆனால் அத்திப்பட்டில் வட சென்னை அனல்மின் நிலையம், வல்லூர் நிலையம், மணலியில் சுத்திகரிப்பு ஆலை, பெட்ரோ கெமிக்கல் ஆலைகள் எல்லாம் ஓடிக்கொண்டிருக்கின்றன. நிலக்கரியும் எண்ணெயும் எரியும்போது கந்தக டை ஆக்சைடு வெளியே வரும். ஈரத்தில் அது கரைந்து அமிலமாகும். உப்பும் அமிலமும் ஒரே தகட்டில் சேரும்போது அரிப்பு இன்னும் வேகமெடுக்கும்.

மூன்றாவது காரணம் தூசி. 2011-ல் உயர் நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி, இரும்புத் தாது கையாள்வது நிறுத்தப்பட்டு, நிலக்கரி எண்ணூர் துறைமுகத்துக்குப் போனது. ராயபுரத்துக்கு அது நிம்மதி. ஆனால் எண்ணூர் பக்கம் நிலக்கரித் தூசியும் சாம்பலும் தொடர்கின்றன. கண்டெய்னர் லாரிகள் கிளப்பும் மண்ணும் அதோடு சேரும். இந்தத் தூசி பெயிண்டைத் தானாக அரிக்காது. உப்பையும் ஈரத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும். மூலை முடுக்கில் அடைந்துவிட்டால் நாள் கணக்கில் ஈரம் காயாது.

துரு எப்படிப் பிடிக்குது?

இரும்பு, ஆக்சிஜன், தண்ணீர் மூன்றும் சேர்ந்தால் துரு. இதில் உப்பு நேரடியாகத் துருவாக மாறுவதில்லை. தண்ணீரில் மின்சாரம் எளிதாக ஓட வழி செய்கிறது. துரு என்பது அடிப்படையில் ஒரு குட்டி பேட்டரி. தகட்டின் ஒரு புள்ளியில் இரும்பு கரையும், பக்கத்துப் புள்ளியில் ஆக்சிஜன் வினைபுரியும், நடுவில் உப்புத் தண்ணீர் சர்க்யூட்டை முடித்துவைக்கும்.

"மழையே இல்லையே, எப்படித் துருப் பிடிச்சுது?" என்று கேட்பவர்களுக்கு ஒரு விளக்கம். சாப்பாட்டு உப்பு, காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் தானாகவே தண்ணீரை இழுத்துக் கசியும். சென்னையில் விடியற்காலையில் இந்த அளவைத் தாண்டுவது சாதாரணம். கடல் உப்பில் இருக்கும் மக்னீசியம் குளோரைடு 33 சதவீதத்திலேயே ஈரத்தை இழுக்க ஆரம்பித்துவிடும். அதனால் கடலோரத்தில் நிற்கும் காரில் உப்புப் படிந்திருந்தால், அந்த இடம் கண்ணுக்கு உலர்ந்தது போலத் தெரிந்தாலும் உண்மையில் ஈரமாகவே இருக்கும்.

எவ்வளவு வேகமாக அரிக்கும்? இதற்கு ஐ.எஸ்.ஓ. 9223 என்ற சர்வதேசத் தர அளவு இருக்கிறது. காற்றின் அரிக்கும் தன்மையை சி1 முதல் சி5 வரையும், அதற்கு மேல் சி.எக்ஸ். என்றும் பிரிக்கிறார்கள். சி3 சூழலில் மேல்பூச்சு இல்லாத சாதா இரும்புத் தகடு முதல் வருடத்தில் 25 முதல் 50 மைக்ரான் கரையும். சி5 சூழலில் 80 முதல் 200 மைக்ரான். ஒரு மைக்ரான் என்றால் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. கடலும் தொழிற்சாலையும் சேர்ந்த இடங்களைத்தான் இந்த மேல் வகைகளுக்கு உதாரணமாகச் சொல்கிறார்கள்.

காரின் வெளித் தகடு பெரும்பாலும் 0.7 அல்லது 0.8 மில்லிமீட்டர், அதாவது 700 முதல் 800 மைக்ரான். கணக்குப் போட்டால் புரியும். பெயிண்ட் இல்லாத வெறும் தகடு மோசமான சூழலில் சில வருடங்களில் பொத்தலாகிவிடும். ஆனால் ஒரே வருடத்தில் ஆகாது. அவசரப்பட வேண்டாம், அதற்காக மறந்துவிடவும் வேண்டாம் என்று சொல்ல இதுதான் காரணம்.

இந்த ஆராய்ச்சிக்கு நம்ம ஊரிலேயே ஒரு தலைமையகம் உண்டு. காரைக்குடியில் இருக்கும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948-ல் அடிக்கல் நாட்டப்பட்டு, 1953-ல் திறக்கப்பட்டது. நாட்டின் பல ஊர்களில் உலோகத் தகடுகளை வெட்டவெளியில் வைத்து, எங்கே எவ்வளவு அரிக்கிறது என்று அளந்து, இந்தியாவுக்கான அரிப்பு வரைபடத்தைத் தயாரித்தவர்கள் இவர்கள்தான்.

பெயிண்ட் எத்தனை அடுக்கு? கீறல் எவ்வளவு ஆழம்?

கம்பெனியிலிருந்து வரும் காரில் பெயிண்ட் ஒரே அடுக்கு கிடையாது. தகட்டின் மேல் முதலில் துருத் தடுப்புப் பூச்சு. பாடியையே தொட்டியில் முக்கி, மின்சாரம் பாய்ச்சி ஒட்டவைப்பது. அதன் மேல் பிரைமர். அதன் மேல் கலர். கடைசியாகப் பளபளப்புக்கு கிளியர் கோட். நாலும் சேர்ந்து ஏறக்குறைய 100 முதல் 120 மைக்ரான். ஒரு தலைமுடியை விடக் கொஞ்சம்தான் தடிமன்.

அதனால் உரிந்த இடத்தைப் பார்த்ததும் கேட்க வேண்டிய கேள்வி, "எந்த அடுக்கு வரைக்கும் போயிருக்கு?" என்பதுதான்.

* நகத்தால் மெதுவாக வருடும்போது நகம் சிக்கவில்லை என்றால் கிளியர் கோட்டில் மட்டும் கீறல். துருப் பிடிக்காது. பாலிஷ் போட்டால் பெரும்பாலும் மறைந்துவிடும். போடாமல் விட்டாலும் பாதகமில்லை.
* நகம் சிக்குகிறது, உள்ளே சாம்பல் அல்லது வெள்ளை நிறம் தெரிகிறது என்றால் பிரைமர் வரை போயிருக்கிறது. உடனே துருப் பிடிக்காது. ஆனால் பிரைமர் ஈரத்தை விடும். கடலோரத்தில் சில வாரங்களுக்குள் அடைத்துவிடுவது நல்லது.
* பளபளவென்று உலோகம் தெரிகிறது அல்லது ஆரஞ்சு நிறம் வந்துவிட்டது என்றால் தகடு வெளியே வந்துவிட்டது. அந்த வாரமே கவனிக்க வேண்டும்.
* உரியவே இல்லை, ஆனால் பெயிண்ட் கொப்புளம் மாதிரி உப்பியிருக்கிறது என்றால், பார்ப்பதற்குச் சின்னதாக இருந்தாலும் இதுதான் மோசமானது. துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைக்கும். உள்ளே அது வளர்வதால்தான் பெயிண்ட் மேலே தள்ளப்படுகிறது. வெளியே ஒரு ரூபாய் நாணயம் அளவு தெரிந்தால் உள்ளே அதைவிட அதிகமாகப் பரவியிருக்கும்.

எல்லா ஆரஞ்சுப் புள்ளியும் துரு இல்ல

வெள்ளைக் கார் வைத்திருப்பவர்கள் இதைக் கவனிக்கலாம். கதவு, கூரை முழுக்க ஊசி முனை அளவில் ஆரஞ்சுப் புள்ளிகள் வந்திருந்தால், அது காரின் இரும்பு துருப்பிடித்ததாக இருக்காது. ரயில் தண்டவாளம், வெல்டிங் பட்டறை, கிரைண்டிங், பிரேக் இதிலிருந்தெல்லாம் பறக்கும் இரும்புத் துகள் பெயிண்ட் மேல் ஒட்டி, அந்தத் துகள்தான் துருப்பிடித்திருக்கும். தண்டவாளமும் யார்டும் பட்டறையும் நிறைந்த இந்தப் பகுதியில் இது ரொம்ப சகஜம்.

எப்படிக் கண்டுபிடிப்பது? ஈரத் துணியோடு நகத்தால் சுரண்டினால் புள்ளி பெயர்ந்து, அடியில் பெயிண்ட் முழுசாக இருக்கும். இதற்கு டிங்கரிங் தேவையில்லை. கார் கேர் கடைகளில் கிடைக்கும் 'அயர்ன் ரிமூவர்' ஸ்பிரே, இல்லையென்றால் 'கிளே பார்' என்கிற களிமண் கட்டி போதும். வருஷத்துக்கு ரெண்டு தடவை செய்தால் போதுமானது. அதை விட்டுவிட்டு உப்புத்தாள் எடுத்துத் தேய்த்தால், நல்ல பெயிண்டை நாமே கெடுத்த கதையாகிவிடும்.

எதோடு வாழலாம்? எதோடு கூடாது?

துருவை ரெண்டாகப் பிரித்துவிடலாம். ஒன்று தோல் மேல் இருக்கும் துரு. இன்னொன்று எலும்பில் இருக்கும் துரு.

பானெட், கதவின் வெளிப்புறம், டிக்கி மூடி, ஃபெண்டர் இவையெல்லாம் தோல். இவற்றில் மேலோட்டமாகத் துரு இருந்தால் வண்டியின் பலம் குறையாது. பார்க்க அழகாக இருக்காது, அவ்வளவுதான். புள்ளிகளை அடைத்துவிட்டு, கலர் சரியாக மேட்ச் ஆகாத அந்தத் தழும்புகளோடு தாராளமாக ஓட்டலாம். சைலன்ஸர் பைப், பிரேக் டிஸ்க் மேல் காலையில் வரும் செந்நிறம் இதெல்லாம் இயல்பு. டிஸ்க்கில் இருப்பது நாலு தடவை பிரேக் பிடித்தால் போய்விடும்.

கீழே சொல்பவை எலும்பு. இங்கே துரு இருந்தால் விட்டுவைக்கக் கூடாது:

* கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் விளிம்பு, அதில் ஜாக்கி வைக்கும் இடம். பஞ்சரான நேரத்தில் ஜாக்கி உள்ளே இறங்கினால் கார் உங்கள் மேலேயே சாயலாம்.
* சஸ்பென்ஷன் பொருந்தும் இடங்கள், பானெட்டைத் திறந்தால் ரெண்டு பக்கமும் தெரியும் ஸ்ட்ரட்டின் தலைப்பகுதி உட்பட.
* பிரேக் ஆயில் போகும் இரும்புக் குழாய், பெட்ரோல் குழாய், டேங்க்கைப் பிடித்திருக்கும் பட்டை.
* தரைத் தகடு, சீட் பெல்ட் மாட்டியிருக்கும் இடம், பேட்டரி உட்காரும் தட்டு.

சோதிக்கும் முறை எளிது. ஸ்க்ரூ டிரைவரின் கைப்பிடியால் தட்டிப் பாருங்கள். கணீரென்று கேட்டால் தகடு நன்றாக இருக்கிறது. மொத்தையாகக் கேட்டால், செதில் செதிலாகக் கொட்டினால், அழுத்தும்போது உள்ளே போனால் தகடு போய்விட்டது என்று அர்த்தம். அங்கே பட்டி வைத்து மூடிப் பெயிண்ட் அடிப்பது பல்வலிக்கு லிப்ஸ்டிக் போடுவது மாதிரி. கெட்ட தகட்டை வெட்டி எடுத்துவிட்டுப் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்வதுதான் ஒரே வழி. விபத்து நடக்கும்போது நசுங்க வேண்டிய இடம் நசுங்கி, தாங்க வேண்டிய இடம் தாங்குவது இந்தத் தகடுகளை நம்பித்தான்.

வருஷத்துக்கு ஒரு முறையாவது சர்வீஸில் காரை லிஃப்ட்டில் ஏற்றும்போது நீங்களும் அடியில் போய் நின்று பாருங்கள். செல்போன் டார்ச் போதும். போட்டோ எடுத்து வையுங்கள். அடுத்த வருடம் ஒப்பிட்டுப் பார்த்தால், துரு நின்றிருக்கிறதா, நடந்திருக்கிறதா என்று தெரிந்துவிடும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை: சின்னத் துருவை நாமே அடைப்பது எப்படி?

மிளகு முதல் பட்டாணி அளவு வரை இருக்கும் புள்ளிகளுக்கு இது போதும். மழைக்காலத்தில் வேண்டாம். வெயில் ஏறி ஈரப்பதம் குறைந்த பிறகு, காரை நிழலில் நிறுத்திச் செய்யுங்கள். தகடு கொதிக்கும்போதும் பெயிண்ட் சரியாக ஒட்டாது.

1. ஷாம்பூ போட்டுக் கழுவி, நல்ல தண்ணீர் விட்டு அலசி, நன்றாகக் காயவிடுங்கள். உப்பு இருக்கும்போதே பெயிண்ட் அடித்தால் துருவை உள்ளே வைத்து சீல் வைத்தது மாதிரி.
2. சுற்றியிருக்கும் நல்ல பெயிண்ட்டுக்கு மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள்.
3. சின்னத் துண்டு வாட்டர் பேப்பரை ஒரு பென்சில் முனையில் சுற்றி, துரு இருக்கும் இடத்தில் மட்டும் தேய்த்து எடுங்கள். அகலமாகத் தேய்க்காதீர்கள். உங்கள் காரில் துத்தநாகப் பூச்சு இருந்தால் அதுவும் சேர்ந்து போய்விடும். மாஸ்க்கும் கையுறையும் அவசியம்.
4. குழிக்குள் இன்னும் கறை இருந்தால் 'ரஸ்ட் கன்வர்ட்டர்' ஒரு சொட்டு. பாட்டிலில் போட்டிருக்கும் நேரம் வரை விடுங்கள்.
5. காய்ந்ததும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்து, பிரைமர் வையுங்கள். இதைத் தாண்டிக் குதிப்பவர்கள்தான் அதிகம். கலர் பெயிண்ட் அழகுக்கு. துருவைத் தடுப்பது பிரைமர்.
6. அதன் மேல் கலர். ஒரே சொட்டில் நிரப்பாமல், ரெண்டு மூணு மெல்லிய தடவல். ஒவ்வொன்றும் காய்ந்த பிறகே அடுத்தது.
7. கடைசியாக கிளியர் கோட். சில வாரங்கள் கழித்துத்தான் பாலிஷ், வாக்ஸ்.

உங்கள் காரின் கலர் கோடு கதவுச் சட்டத்திலோ பானெட்டுக்கு உள்ளேயோ ஒரு ஸ்டிக்கரில் இருக்கும். அதைச் சொன்னால் டச்-அப் பேனா சில நூறு ரூபாயில் கிடைக்கும். ஆனால் கடலோர வெயிலில் பத்து வருடம் காய்ந்த காரின் நிறம் வெளுத்திருக்கும். புதுக் கலர் கொஞ்சம் தனித்துத் தெரியத்தான் செய்யும். பரவாயில்லை.

ரஸ்ட் கன்வர்ட்டர் என்ன செய்கிறது? சிலவற்றில் பாஸ்பாரிக் அமிலம் இருக்கும். துருவை இரும்பு பாஸ்பேட்டாக மாற்றி நிலையாக்கும். டெல்லி மெஹரோலியில் 1,600 வருடமாக நிற்கும் இரும்புத் தூணைத் துரு தின்னாததற்கும் பாஸ்பரஸ் ஒரு முக்கியக் காரணம். அந்த இரும்பில் அதிகமாக இருந்த பாஸ்பரஸ், தூணின் மேல் ஒரு காப்புப் படலத்தை உண்டாக்கியதாக ஐ.ஐ.டி. கான்பூர் பேராசிரியர் பாலசுப்ரமணியம் விளக்கியிருக்கிறார். வேறு சில கன்வர்ட்டர்களில் டானின் இருக்கும். துரு கறுப்பாக மாறுவது அதனால்தான். கடுக்காய்ச் சாறும் இரும்பும் சேர்ந்தால் கறுப்பாகும் என்று நம்ம ஊர்ச் சாயக்காரர்களுக்கு எப்போதோ தெரியும். அதே வேதியியல்தான் இது.

நேரமே இல்லையா? தற்காலிகமாக, காய்ந்த இடத்தில் நிறமில்லாத நெயில் பாலிஷ் ஒரு சொட்டு வைத்தாலும் சில வாரம் தாங்கும். ஆனால் துரு மேல் ஸ்டிக்கர் ஒட்டி மறைக்காதீர்கள். அடியில் ஈரம் அடைந்து, ஸ்டிக்கர் அளவுக்குத் துரு வளரும்.

கழுவுறீங்க சரி, எந்தத் தண்ணியில?

கடலோரக் காருக்கு முதல் மருந்து அடிக்கடி கழுவுவது. உப்பை எடுத்துவிட்டால் பாதிப் பிரச்சினை முடிந்தது. ஆனால் வட சென்னையில் இதற்கும் ஒரு வினை உண்டு. போர் தண்ணீர் எடுத்துக் கழுவினால் உப்பை எடுக்க உப்பையே ஊற்றுகிறோம். மீஞ்சூர் சுற்றுவட்டாரத்தில் நிலத்தடி நீரை அளவுக்கு மீறி உறிஞ்சியதால், 1960-களின் இறுதியிலிருந்தே கடல்நீர் உள்ளே புகுந்திருப்பது பதிவான விஷயம். கடலோரத் தெருக்களில் போர் தண்ணீர் எப்படி இருக்கும் என்று வாளியில் படியும் வெள்ளைப் படிவமே சொல்லும்.

மெட்ரோ தண்ணீரும் இங்கே எல்லா நாளும் தாராளமாக வருவதில்லை. அதனால் குடம் குடமாக ஊற்றச் சொல்ல முடியாது. போர் தண்ணீரில் அழுக்கை எடுத்துவிட்டு, கடைசி அலசலுக்கு மட்டும் ஒரு வாளி நல்ல தண்ணீர். உடனே மைக்ரோஃபைபர் துணியால் துடைத்துவிட வேண்டும். ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீரில் உப்பு மிகக் குறைவு, அதைப் பிடித்து வைத்துக்கொண்டு கடைசி அலசலுக்குப் பயன்படுத்தலாம். நல்ல மழை பெய்யும்போது காரை வெட்டவெளியில் நிறுத்தினால், அதுவும் இலவச அலசல்தான்.

மேலே மட்டும் பளபளக்கவைத்தால் போதாது. வீல் ஆர்ச்சின் உள்பக்கம், அடிப்பாகம் இரண்டுக்கும் தண்ணீர் பாய வேண்டும். கதவின் அடிவிளிம்பில் தண்ணீர் வெளியேற சின்ன ஓட்டைகள் இருக்கும். தூசியும் சாம்பலும் அவற்றை அடைத்துவிடும். ஒரு தென்னங்குச்சியால் குத்திவிட்டால் போதும். கண்ணாடிக்குக் கீழே தேங்கும் காய்ந்த இலைகளையும் அள்ளிவிடுங்கள். கதவு உள்ளிருந்து அழுகுவதைத் தடுக்க ஒரு பைசா செலவில்லாத வேலை இது.

கவர் போடலாமா? அடியில் கோட்டிங் அடிக்கலாமா?

கவர் வெயிலுக்கு நல்லது. ஆனால் காற்றுப் புகாத பிளாஸ்டிக் கவரை, தூசியும் உப்பும் படிந்த கார் மேல் போர்த்தினால் உள்ளே வேர்த்து, இட்லிப் பானை மாதிரி ஆகிவிடும். காற்றில் கவர் அசைய அசைய, தூசி உப்புத்தாளாக வேலை செய்யும். மூச்சு விடும் துணியில் கவர் வாங்கி, கழுவிக் காய்ந்த கார் மேல் மட்டும் போடுங்கள்.

அடிப்பாகத்துக்கு அடிக்கும் கறுப்பு ரப்பர் கோட்டிங் புதுக் காருக்குச் சரி. ஏற்கெனவே துருப்பிடித்த தகட்டில் சுத்தம் செய்யாமல் அடித்தால், துருவை மூடி மறைத்து, ஈரத்தை உள்ளே பூட்டிவைக்கும். பழைய கார் என்றால் துருவை எடுத்த பிறகே கோட்டிங். மூடிய குழிகளுக்குள் மெழுகு மாதிரியான 'கேவிட்டி வாக்ஸ்' அடிக்கலாம். சிலர் பழைய எஞ்சின் ஆயிலை அடியில் ஸ்பிரே செய்வார்கள். அது ரப்பர் புஷ்களைக் கெடுக்கும், சொட்டி மண்ணில் இறங்கும். வேண்டாம்.

ஃபுல் பெயிண்ட், எஃப்.சி., இன்ஷூரன்ஸ்: பைசா கணக்கு

ஃபுல் பெயிண்ட் அடித்தால் பழைய காரின் விற்பனை விலை அதே அளவுக்கு ஏறிவிடாது. வெளியே தெருவில்தான் நிறுத்துகிறீர்கள் என்றால் புதுப் பெயிண்ட்டும் அதே காற்றில்தான் நிற்கப்போகிறது. பட்டறையில் பூசும் பெயிண்ட், கம்பெனியில் தொட்டியில் முக்கிய அந்த முதல் அடுக்குக்கு ஈடாகாது. ஒரு பேனல் மோசமாக இருந்தால் அந்தப் பேனலை மட்டும் சரி செய்வது புத்திசாலித்தனம். நிறத்தையே மாற்ற ஆசைப்பட்டால் ஆர்.சி.யிலும் மாற்ற வேண்டும் என்பதை மறக்க வேண்டாம்.

இன்ஷூரன்ஸ் இதற்கு உதவாது. வழக்கமான மோட்டார் பாலிசியில் தேய்மானம் சேராது. துருவும் அந்தக் கணக்கில்தான் வரும்.

சொந்தக் காருக்குப் பதிவு 15 வருடம் செல்லும். அதன் பிறகு ஐந்து வருடத்துக்கு ஒரு முறை தகுதிச் சோதனையோடு புதுப்பிக்க வேண்டும். மத்திய அரசு நிர்ணயித்த கட்டணம் 2022 ஏப்ரலிலிருந்து காருக்கு 5,000 ரூபாய். 20 வருடம் தாண்டிய கார்களுக்கு 2025 ஆகஸ்ட்டில் 10,000 ரூபாயாக உயர்ந்தது. பசுமை வரி தனி. அதனால் 13, 14-வது வருடத்திலேயே காரை லிஃப்ட்டில் ஏற்றி, எலும்பு எப்படி இருக்கிறது என்று பார்த்து முடிவெடுங்கள். கையில் பணம் குறைவாக இருந்தால், அதைப் பளபளப்புக்குச் செலவு செய்யாமல் அடிப்பாகத்துக்கு ஒதுக்குங்கள்.

இந்தப் பகுதியில் செகண்ட் ஹேண்ட் கார் வாங்குபவர்கள் டி.என். 03, டி.என். 04 என்று பதிவெண்ணைப் பார்த்தே பயப்பட வேண்டியதில்லை. கார் எங்கே நின்றது என்பதை நம்பர் பிளேட் சொல்லாது. ஒரு சின்னக் காந்தத்தைத் துணியில் சுற்றி எடுத்துப் போங்கள். தகட்டில் ஒட்ட வேண்டிய இடத்தில் நழுவினால் உள்ளே பட்டி இருக்கிறது. கால்மிதியைத் தூக்கிப் பாருங்கள், ஸ்டெப்னி இருக்கும் குழியைப் பாருங்கள். 2015, 2023 டிசம்பர் வெள்ளங்களில் நின்ற கார்களில் துரு உள்ளிருந்துதான் வரும்.

காருக்குத் தெரிந்தது நமக்கும் தெரியணும்

ஒரு விஷயத்தைச் சொல்லாமல் விட முடியாது. கடல் உப்பு இயற்கை, அதை மாற்ற முடியாது. கந்தகப் புகை அப்படியல்ல. அனல்மின் நிலையங்கள் கந்தக டை ஆக்சைடைக் கட்டுப்படுத்த வேண்டும் என்று 2015 டிசம்பரிலேயே விதி வந்தது. கெடு பலமுறை தள்ளிப்போடப்பட்டு, 2025 ஜூலையில் நாட்டின் பெரும்பாலான நிலையங்களுக்கு, இதற்கென ஒரு கருவி பொருத்துவதிலிருந்தே விலக்குக் கொடுக்கப்பட்டது. பத்து லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை உள்ள நகரங்களுக்கு 10 கிலோமீட்டருக்குள் இருக்கும் நிலையங்களுக்கு மட்டும் 2027 டிசம்பர் வரை கெடு.

நம்ம பானெட்டில் தினமும் படிவது என்ன என்று கேட்கும் உரிமை காருக்கு பாலிஷ் போடுவதோடு முடிந்துவிடக் கூடாது. தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் புகார் கொடுக்கலாம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் காற்றின் அளவீடுகளைக் கேட்கலாம். தூசி படிந்த நாள், இடம், போட்டோ மூன்றையும் சேர்த்து வைத்திருந்தால் அந்தப் புகாருக்கு எடை கூடும்.

காரைப் பொறுத்தவரை, இந்த வாரம் மூன்றே வேலை. கதவு அடியில் இருக்கும் ஓட்டைகளைக் குத்திவிடுங்கள். கடைசி வாளி நல்ல தண்ணீராக இருக்கட்டும். அடுத்த சர்வீஸில் லிஃப்ட் அடியில் ரெண்டு நிமிஷம் நில்லுங்கள். பானெட்டில் இருக்கும் அந்த மிளகுப் புள்ளியை ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம்.